டியூபா வெடித்த இடம்

"‘நாலு வரை எண்ணத் தெரியாதவர் கையில் டியூபா எதற்கு? நிசப்தம் இருக்க வேண்டிய இடத்தில் பீரங்கி வெடித்தது.’ இப்படியா மேடம் எழுதுவாங்க?"

பத்திரிகையை மேஜைமேல் விரித்து வைத்துக் கேட்டாள் அவள். பித்தளை வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. குழுவில் அவளுக்குப் பெயரே ‘புதுசு’தான்.

எதிரே இருந்த இசை விமர்சகர் அம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாலே வாசிக்கிறவர்கள் வாத்தியத்தை இன்னொரு தடவை துடைத்துக்கொள்வார்கள்.

"முதல்ல உட்காரும்மா. நேத்து கச்சேரியில அந்த டியூபாக்காரர் வெடிச்சாரா இல்லையா?"

"வெடிச்சார்."

"அரங்கமே சிரிச்சுதா?"

"சிரிச்சுது."

"அப்புறம் என்ன? நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்."

புதுசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெரிய அடிக்குரல் குழலை இருபது வருஷமாக ஒரு பிசிறு தட்டாமல் வாசித்த மனிதர். காலையில் அவர் ஒத்திகைக்குள் நுழைந்ததுமே எல்லோரும் "வாங்க பீரங்கி" என்று கேலி செய்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மதியம் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு நேரே பத்திரிகை ஆபீசுக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

"மேடம், தப்பு பண்ணினது நான்."

பேனா நின்றது.

"அந்த இடத்துல எல்லாரும் நாலு எண்ணுற வரைக்கும் சும்மா இருக்கணும். நான் பதட்டத்துல மூணுலயே ஊதிட்டேன். டியூபா அண்ணன் எனக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருந்தார். என் சத்தம் முழுசா வெளிய வர்றதுக்குள்ள, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதி அதை அமுக்கிட்டார். எங்க தலைவருக்கே தெரியலை. ‘ஏண்ணே இப்படிப் பண்ணீங்க’ன்னு கேட்டேன். ‘நான் விழுந்தா நாலு நாள் சிரிப்பாங்க. நீ விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. போய் வேலையைப் பாரு’ன்னுட்டார்."

"உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு தலைவர் எப்ப முடிவு பண்றார்?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"இது தெரிஞ்சா?"

"நிச்சயம் அனுப்பிடுவார். இந்த இடத்துக்காக மூணு வருஷம் நாயா அலைஞ்சேன் மேடம். பரவாயில்லை. என் தப்புன்னு நாளைக்கே திருத்திப் போடுங்க."

"மாட்டேன்."

"அவர் பேரு கெட்டுப்போகுதே! இவ்வளவு பெரிய விமர்சகர், உங்களுக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா கோபப்படவில்லை. பத்திரிகையை நிதானமாக மடித்து அவள் கையில் கொடுத்தார். வாசல் வரை கூடவே நடந்து வந்தார்.

"என் காதுல முதல்ல விழுந்ததே உன் டிரம்பெட்தாம்மா. அவர் அவ்வளவு பாடுபட்டு மூடினதை நான் பட்டும் படாம எழுதினா, உங்க தலைவருக்குச் சந்தேகம் வந்துடும். அதான் அந்த மனுஷனைக் கொஞ்சம் பலமாவே திட்டிவெச்சேன்."