பெரிய இன்ஜெக்டர்

"யாருப்பா உனக்கு இந்த யோசனை சொன்னது? இன்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டரைப் பெரிசா மாட்டிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியில பழைய அளவையே வச்சா வண்டி பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளும்லா. ரெண்டையும் பொருத்தித் தரேன்," என்றார் மெக்கானிக் ஆம்ப்ரோஸ்.

"வேணாண்ணே. நாளைக்கு எல்லை தாண்டி ஜொகூர்ல பொண்ணு பார்க்கப் போறோம். நேரமில்ல," என்றான் இயேசுதாசன்.

அக்கரையில் மலிவாக பெட்ரோல் நிரப்பி வருவதைத் தடுக்க, அரை டேங்க் பெட்ரோல் இல்லாத காரை எல்லை தாண்ட விடாத புதுச் சட்டம் வந்திருந்தது. அதனால் மறுநாள் அவன் அம்மா அல்போன்சம்மாள், முள் பாதிக்கு மேல் நிற்பதைத் தானே பார்த்த பிறகுதான் காரில் ஏறினார்.

உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடியில் அதிகாரி எட்டிப் பார்த்தபோது முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. காரைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

"மாதாவுக்கே விருப்பமில்ல போல. இந்தச் சம்பந்தம் வேணாம்," என்றார் அல்போன்சம்மாள்.

மாலையிலேயே இயேசுதாசன் பட்டறைக்கு வந்தான்.

"இப்ப பொருத்திக் கொடுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை வேற இடத்துல பொண்ணு கேட்கப் போறோம். வண்டி ஒழுங்கா ஓடணும்."

"யாரு வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான். பெரிய இன்ஜெக்டர் மாட்டச் சொன்னதே உங்க தங்கச்சிதாண்ணே."