இடது பக்கத்து உறவு

"இதுல யாருமே சாக மாட்டாங்களா?" என்று கேட்டார் அத்தை.

கதை விளையாட்டின் புதிய பதிப்பு மேசை நடுவில் கிடந்தது. தடித்த புத்தகம், வழவழப்பான அட்டை. லிப்ட் மெக்கானிக் ஒரு மாதமாக அதைக் கரைத்துக் குடித்திருந்தான்.

"சாவாங்க மேடம். மூணு வாய்ப்பு குடுத்துட்டுதான் சாகடிப்பாங்க."

"மூணா? லைசென்ஸ் டெஸ்ட்டுல கம்பத்தை இடிச்சவனுக்குக்கூட அவ்வளவு தர்றதில்ல."

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவரை அத்தை என்று கூப்பிடும் அவளுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசை. மெக்கானிக் கதையை நடத்துவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். யார் தப்பிப்பார், யார் விழுவார் என்பதைப் பகடை சொல்லும். ஆறு வருடமாக இப்படித்தான், பழைய பதிப்பில்.

கூரியர்காரன் போர்வீரன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள் வைத்தியச்சி. டிரைவிங் ஸ்கூலில் பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அத்தை, திருடி.

கூரியர்காரனுக்குப் புதிய பதிப்பு பிடித்திருந்தது. படங்கள் பிரமாதம், கணக்கு குறைவு. "பழசுல ஒரு பூட்டைத் திறக்க அரை மணி நேரம் கூட்டிக் கழிக்கணும்."

"அந்த அரை மணி நேரந்தான்டா சுகமே," என்றார் அத்தை. "அப்புறம் இது என்ன, திருடி நேருக்கு நேரா நின்னே குத்தலாம்னு போட்டிருக்கான்? முதுகுல குத்தணும்னா முதுகுக்குப் பின்னாடி போகணும். ஒரு மரியாதை வேண்டாமா?"

அவளுக்கும் பிடித்திருந்தது. அத்தை பார்க்காதபோது படங்களைப் புரட்டினாள்.

பழைய பாத்திரங்கள் புதிய பதிப்பில் செல்லாது. எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன வாரமே அத்தை சொல்லியிருந்தார்: "என் திருடி இல்லேன்னா எனக்கு இங்க என்ன வேலை? ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்கறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு வாரம் முழுக்க அவளைக் குடைந்தது. பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் ரத்தத்துக்கு இன்னொருவர் பெயரை ஒட்டப் போய், நல்லவேளையாகக் கடைசி நிமிடத்தில் பார்த்தாள்.

ஒரே ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம் என்று மெக்கானிக் கெஞ்சினான். அத்தை வேண்டாவெறுப்பாகப் புதுத் திருடி ஒருத்தியை உருவாக்கினார்.

வினை அதற்கடுத்த பக்கத்தில் இருந்தது.

பழைய பதிப்பில் மூன்று பேரும் ஒரு சத்திரத்தில் சந்திப்பார்கள். விடிந்ததும் சேர்ந்து நடப்பார்கள். ஏன் சேர்ந்து போகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். புதியதில் கேட்டார்கள். இடது பக்கத்தில் இருக்கும் ஆள் உங்களுக்கு என்ன உறவு என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கூரியர்காரனுக்கு இடது பக்கம் அத்தை. "ஜெயில்ல இருந்து என்னைத் தப்பிக்க வெச்சவங்க."

"உன்னை எதுக்குடா நான் தப்பிக்க வைக்கப் போறேன்?"

அத்தைக்கு இடது பக்கம் அவள்.

"உறவெல்லாம் எதுக்கு?" அத்தையின் குரல் இறங்கியிருந்தது. "சும்மா கூடப் போகக் கூடாதா?"

"விதி மேடம். யோசிச்சும் சொல்லலாம். இல்லேன்னா பகடை போடுங்க, அதுவே சொல்லிடும்."

அத்தை யோசிக்கத் தயாராக இல்லை. பகடையை உருட்டினார். அது மேசையில் ஓடும்போது அவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. கெட்ட எண் வரும்போலிருந்தால் அவர் பிரேக் போடுவார். ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை.

ஒன்பது.

மெக்கானிக் விரலை ஓட்டி வாசித்தான். "பழி. இவரால் உங்கள் குடும்பம் சிதைந்தது. பழிதீர்க்கும் நாளுக்காகக் காத்திருக்கிறீர்கள்."

"மாமியார் மருமகளுக்குன்னே எழுதின மாதிரி..." என்று ஆரம்பித்த கூரியர்காரன் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டான்.

மெக்கானிக் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினான். "வேணும்னா இன்னொரு தடவை..."

"விழுந்தது விழுந்ததுதான்." அத்தை எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "புத்தகம் நல்லாத்தான் இருக்கு. சின்னவங்க நீங்க ஆடுங்க."

போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசிப் பழகியதே இல்லை. திருடியும் வைத்தியச்சியுமாகத்தான் எதையும் பேசியிருக்கிறார்கள்.

அத்தை செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டார்.

"அத்தை," என்றாள் அவள். "பழி வாங்கணும்னா கூடவே வந்துதானே ஆகணும்?"

அத்தை திரும்பிப் பார்த்தார். வண்டி பழக வந்த ஆள், பல நாள் திட்டு வாங்கிய பிறகு, முதல் முறையாக உதறல் இல்லாமல் கியர் மாற்றினால் பார்க்கிற பார்வை அது.

செருப்பைக் கழற்றினார். வந்து உட்கார்ந்தார்.

"வாங்கத்தான் போறேன். லேசுல விடமாட்டேன்."

"எவ்வளவு நாள் ஆகும்னு வெச்சுக்கலாம் மேடம்?" என்றான் மெக்கானிக். அவனுக்கு எல்லாம் விதிப்படி வேண்டும்.

"அதெல்லாம் அவசரப்பட்டுச் செய்யற காரியமா? வருஷக்கணக்குல ஆகும். நீ கதையை ஆரம்பி."

அவன் ஆரம்பித்தான். மழை, ஒரு பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் விளக்கு. திருடியும் வைத்தியச்சியும் முன்னால் நடந்தார்கள்.

இந்த ஆறு வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அத்தை வரவில்லை. போன மாதம், அவருடைய மகனின் இரண்டாவது கல்யாணத்தன்று.