அக்கா வேலை பார்க்கும் இடம்

நைரோபியில் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. நாலரை ஆகியும் சிமியுவின் இளைய மகள் நஃபுலா படிப்பின் பெயரை நிரப்பவில்லை.

"கம்ப்யூட்டர்னு போடும்மா. உங்க அக்காவுக்குப் படிச்ச கையோட வேலை கிடைச்சுதுல்ல?"

"அக்காதான்பா வேண்டாங்குது. நர்சிங் எடுன்னு அழுவுது. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

"அவ ஒருத்தி சம்பளத்துலதான் வீடே ஓடுது. நீயும் அதைப் படிச்சாத்தான் நாம கரையேற முடியும். கெஞ்சிக் கேக்குறேன்."

நஃபுலா அசையவில்லை. சிமியு, மூத்தவள் வேலை பார்க்கும் கல்வி ஆலோசனை மையத்துக்கே போன் போட்டார். ஒரு பெண் குரல் கனிவாகப் பேசியது. கம்ப்யூட்டர் படித்தால் நல்ல எதிர்காலம் உண்டு என்றது.

"கேட்டியா?" என்று மகளிடம் சொன்னவர், போனில் கேட்டார்: "அம்மா, அங்க என் பெரிய பொண்ணு நெகேசா இருப்பா. அவகிட்ட குடுங்க. தங்கச்சிக்கு அவளே எடுத்துச் சொல்லட்டும்."

"மன்னிக்கவும் ஐயா. இங்கே ஆட்கள் யாரும் இல்லை. போன மாதத்திலிருந்து எல்லா அழைப்புகளுக்கும் கம்ப்யூட்டராகிய நான்தான் பதில் சொல்கிறேன்."

அன்று காலையும் நெகேசா வேலைக்கென்றுதான் சப்பாத்தி கட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தாள்.