பக்கத்துக் கதிரை

"பிள்ளை, இந்தப் படத்திலை என்ரை மகன் நடிச்சிருக்கிறான். எங்கை இருந்தா முகம் வடிவாத் தெரியும்?"

கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். பெயர் ஸ்ரெல்லா. நனைந்த குடையை மண்டப வாசலில் விரித்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். இந்த மழைக்குள் குருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், பாவம்.

வாசலில் நின்ற வினோஜா பல்கலைக்கழகத் திரைப்பட வட்டத்தின் செயலாளர். ஐரோப்பாவில் பெரிய விருது வாங்கிய இத்தாலியப் படம், அனுமதி இலவசம் என்று ஒரு கிழமையாகச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தாள். முந்நூறு கதிரை போட்ட மண்டபத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். படத்தைத் தெரிவு செய்தது விரிவுரையாளர். அவள் இன்னும் பார்க்கவில்லை.

"மகன் அங்கை நடிகரோ, அன்ரி?"

"சீ, அவனுக்கு ஹோட்டல் குசினியிலை சமையல் வேலை. இதிலை ஒரு துண்டு வாறானாம். மிலானிலை இருக்கிற மச்சாள் கண்டிட்டுச் சொன்னவ."

மகன் ஜெரோசன் போய் ஒன்பது வருடமாம். ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்துத் தவறாமல் போன் எடுப்பானாம். ஆனால் குரல் மட்டும்தான். போனில் கமரா பழுது என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். இன்றைக்கு முகத்தை ஒருக்கால் பார்த்தால் போதும் என்றார் ஸ்ரெல்லா. பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"நீ எனக்குப் பக்கத்திலை இருப்பியே, பிள்ளை? என்ன கதைக்கினம் எண்டு சொல்ல."

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும், அதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று வினோஜா கூடப் போனாள். ஆட்கள் இருந்த வரிசையை விட்டு, ஒருவரும் இல்லாத நடு வரிசைக்கு ஸ்ரெல்லா நடந்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் முதலில் ஒரு வரி வந்தது. இதில் வருகிற யாரும் நடிகர்கள் அல்ல, தங்கள் வாழ்க்கையையே சொல்கிறார்கள் என்றிருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"படத்தின்ரை பேர், அன்ரி."

ஏதோ ஒரு நகரத்துப் பஸ் நிலையம். வீடில்லாமல் அங்கே படுத்துக் கிடக்கிறவர்களிடம் யாரோ கேள்வி கேட்கிறார்கள், அவர்கள் மறுமொழி சொல்கிறார்கள். அவ்வளவுதான் படம். பல்லில்லாத கிழவன் ஒருவன் தன் நாயைப் பற்றி என்னவோ சொன்னான். வினோஜா கீழே வாசித்து முடிக்குமுன் ஸ்ரெல்லா சிரித்துவிட்டார். மற்றவர்கள் பிறகுதான் சிரித்தார்கள். கிழவனின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று வினோஜா நினைத்தாள்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு, ஸ்ரெல்லாவின் விரல்கள் அவளுடைய மணிக்கட்டை இறுக்கின.

"உவன்தான்."

தாடி. வேறு யாருடையதோ பெரிய கோட்டு. காட்போட் மட்டையை விரித்துச் சுவரோடு சாய்ந்திருந்தான். வலது கையில், முழங்கை வரைக்கும் வெந்து ஆறின தழும்பு. ஜெரோசன் இத்தாலிய மொழியில் மெல்லக் கதைத்தான். கீழே ஆங்கிலம் ஓடியது.

குசினியில் கொதித்த எண்ணெய் கையில் கொட்டுண்டதாம். பிறகு வேலை இல்லையாம். மூன்றாவது மாரிக்கும் இங்கேதான் படுக்கையாம். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். அவன் சிரித்தான். தான் குசினியில் பெரிய ஆள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா என்றான். சிரிப்பு நின்ற பிறகு, கமராவைப் பார்த்தே கேட்டான்: இந்தப் படம் எங்கள் ஊருக்குப் போகாதுதானே?

மணிக்கட்டில் இருந்த பிடி இன்னும் இறுகியது.

"என்ன சொல்லுறான், பிள்ளை?"

"அங்கத்தைக் கடலும் எங்கடை கடல் மாதிரியே கிடக்காம், அன்ரி." தொடங்கிவிட்டால் பிறகு நிறுத்த முடிகிறதா? "அம்மா நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சிற கூழுக்குக் கிட்டவும் அங்கத்தைச் சாப்பாடு வராதாம். அதைக் குடிக்கவெண்டே கெதியா வருவாராம்."

ஸ்ரெல்லா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நடிப்பு நல்லா இருக்கே?"

"ஓம், அன்ரி. உண்மை மாதிரியே இருக்கு."

"கோட்டுத்தான் அளவில்லை," என்றார் ஸ்ரெல்லா.

படம் முடிந்து வெளிச்சம் வந்தபோது மழைக்கு ஒதுங்கின இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். வினோஜா பஸ் தரிப்பு வரைக்கும் கூடவே நடந்தாள். வழியில் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். ஸ்ரெல்லாவோ மழை விட்டிருந்தும் குடையை மடிக்காமல், இருவருக்கும் நடுவில் பிடித்தபடி வந்தார்.

தூரத்தில் பஸ் வெளிச்சம் தெரிந்ததும் வினோஜாவின் கையைப் பிடித்தார்.

"நல்ல வடிவாச் சொன்னாய், பிள்ளை. ஒரு இடந்தான் பிழைச்சுப் போச்சு. அவன் கூழ் வாயிலையும் வையான். சின்னனிலை மணம் பிடிச்சாலே வீட்டை விட்டு ஓடியிடுவான்."

பஸ் வந்து நின்றது. ஸ்ரெல்லா குடையை மடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தவர், திரும்பிப் பார்த்தார்.

"நானும் முந்தி இத்தாலியிலை பதினொரு வருஷம் ஒரு கிழவியைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அவன் கதைச்சது எல்லாம் எனக்கு விளங்கினது, பிள்ளை; தனிய இருந்து கேக்கத்தான் ஏலாமக் கிடந்தது."