விரல் வைத்துக் காட்டுங்க

"ஐம்பதுக்கு ஒண்ணு குறையுதே, நேத்ராவதி! இன்னைக்குத்தான் கடைசி நாள்னு தெரியுமா, தெரியாதா?"

பல் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியை டாக்டர் ஸ்வர்ணலதா, பதிவு நோட்டை மேஜைமேல் விட்டெறிந்தார். ஐம்பது பல் பிடுங்கியதாக அதில் கையெழுத்து இருந்தால்தான் கடைசி வருடப் பரீட்சையில் உட்கார முடியும். நேத்ராவதியின் நோட்டு நாற்பத்தொன்பதோடு நின்றிருந்தது.

"காலையில ஒரு பெரியவர் வந்தாரே, அவரை என்ன பண்ணின?"

"எக்ஸ்ரேக்கு அனுப்பிட்டேன் மேடம். சீட்டுல ஒரு பல்லோட நம்பர் எழுதியிருந்தது. அவர் விரல் வேற பல்லுமேல போச்சு. எக்ஸ்ரே நாளைக்குத்தான்னு சொல்லிட்டாங்க."

"ஆமாமா, உன் விரல் பூஜை! கையில கண்ணாடியைக் கொடுத்து, 'விரல் வைத்துக் காட்டுங்க, விரல் வைத்துக் காட்டுங்க'ன்னு ஒவ்வொருத்தரையும் கெஞ்சறது. ஒரு பல்லுக்கு ஒரு மணி நேரம்! பசங்க உனக்கு 'விரலக்கா'ன்னு பேரே வெச்சுட்டாங்க, தெரியுமா?"

நேத்ராவதி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் ஆறு மாதம் வீண். அவளைப் படிக்க வைக்கும் சித்திக்கு என்ன பதில் சொல்வது?

"மெடிக்கல் கிடைக்காம இங்க வந்து விழறவங்க இப்படித்தான். ஏனோதானோன்னு இருப்பாங்க. நீயும் அந்தக் கூட்டந்தானே?"

"மெடிக்கல் கிடைச்சுது மேடம். வேண்டாம்னு சொல்லிட்டு இங்க வந்தேன்."

ஸ்வர்ணலதா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பைத்தியமா உனக்கு? யாராவது அதை விட்டுட்டுப் பல்லுக்கு வருவாங்களா?"

"முதல் வகுப்புல நீங்க ஒரு கதை சொல்வீங்களே மேடம்..."

அந்தக் கதை கல்லூரிக்கே மனப்பாடம். ஸ்வர்ணலதா கடைசி வருட மாணவியாக இருந்தபோது, ஹொன்னாளி ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு விவசாயப் பெண் பல்வலியோடு வந்தாள். ஊசியைப் பார்த்ததுமே நடுங்கினாள். ஸ்வர்ணலதா அரை மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பரீட்சைக் கவலையைக்கூடச் சொல்லிப் பேசி, பல்லைப் பிடுங்கி, தன் காசில் ஐஸ்க்ரீம் கப் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நெகிழ்ந்துபோன அந்தப் பெண், பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாளாம். 'பல்லைப் பிடுங்க இடுக்கி போதும், பயத்தைப் பிடுங்க மனசு வேணும்' என்று ஸ்வர்ணலதா முடிக்கும்போது வகுப்பில் கைதட்டல் அடங்க நேரமாகும். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரியாது.

"அவங்க பேரு ஹாலம்மா, மேடம். என் அம்மா. அப்ப எனக்கு மூணு வயசு. அந்த ஐஸ்க்ரீம்ல பாதியை நான்தான் தின்னேன்."

ஸ்வர்ணலதா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அய்யோ கடவுளே! மடியில ஒரு குட்டி, கப்பை விடமாட்டேன்னு அழுதுதே... அது நீயா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நேத்ராவதியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நாலு வருஷமா என் முன்னாலயே உட்கார்ந்துக்கிட்டு வாயைத் திறக்கலியே, கள்ளி! நீ இந்தப் படிப்புக்கு வந்ததே அதனாலதானா?"

"அதனாலதான் மேடம்."

அதற்குமேல் என்ன வேண்டும்? ஸ்வர்ணலதா பேனாவை எடுத்தார். ஐம்பதாவது வரியில் 'சிறப்பு அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

"ஒரு பல்லுக்காக ஹாலம்மா பொண்ணை நிறுத்துவேனா? போய்ப் படி. அம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வா. வகுப்புல எல்லார் முன்னாலயும் உட்கார வெச்சுப் பேசணும்."

நேத்ராவதி வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஒரு சின்னக் குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு கடைவாய்ப் பல் இருந்தது.

ஸ்வர்ணலதா சிரித்துக்கொண்டே அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. பத்தொன்பது வருடமாகப் பல்லையே பார்த்துப் பழகிய கண். ஒரு குழி இல்லை, ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.

"இது... நல்ல பல்லும்மா."

"ஆமா மேடம். அம்மாவுக்கு ஒரு பல் சின்ன வயசுலயே விழுந்துபோச்சு. அது தெரியாம முன்னாலேர்ந்து எண்ணினா கணக்கு ஒண்ணு தள்ளிப் போயிடும். சொத்தைப் பல் பக்கத்துலயே இருந்தது. நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டீங்க. விரல் வெச்சுக் காட்டச் சொல்லல."

"அப்ப, அம்மா..."

"சீழ் கழுத்துக்கு இறங்கிடுச்சு. ஒன்பதாம் நாள் மூச்சு நின்னுபோச்சு."

ஸ்வர்ணலதா பல்லைச் சிமிழுக்குள் வைத்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் திரும்பி வரல? மறுநாளே வந்திருக்கலாமே! வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே..."

"சித்தி கையைப் பிடிச்சு இழுத்தாங்களாம். அம்மாதான் வரமாட்டேன்னுட்டாங்க."

நேத்ராவதி, மை காயாத நோட்டை மூடினாள்.

"'அவ்வளவு பாசமா நடந்துக்கிட்ட பொண்ணு. பல்லை மாத்திப் பிடுங்கிட்டீங்கன்னு நான் போய் நின்னா, பாவம், அவ பரீட்சை என்னாகும்?'னு சொன்னாங்களாம் மேடம்."