கடல் தாண்டியும் களிதானா?

“ஏப்பா, அந்த சூப்பை எங்கே தூக்கிட்டுப் போறே?”

ஜமீர் அகமதின் கையில் கரண்டி இருந்தது. எதிரே கிண்ணத்தைக் காணோம். வைத்த வேகத்திலேயே அதை எடுத்துக்கொண்டு நின்றான் பரிமாறுகிற முனிவேல்.

“இது வேணாங்க சாயபு. உங்களுக்கு வேற கொண்டாறேன்.”

கொண்டு வந்தான். வெள்ளைப் பீங்கான் தட்டின் நடுவில் ஒரு கேழ்வரகுக் களி உருண்டை. பக்கத்தில் கொள்ளுச் சாறு.

ஜமீருக்கு முகம் சிவந்துவிட்டது.

கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருக்கிறவர் அவர். கல்யாணமான நாளிலிருந்து கடலைப் பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி அதியாவை, ரயிலும் கப்பலும் ஏற்றி இலங்கைக்கே கூட்டி வந்திருந்தார். தீவிலேயே பேர்போன கடற்கரை ஓட்டல். ஜன்னலைத் திறந்தால் அலை. மெத்தையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், அறுப்பதும் சமைப்பதும் உங்கள் மார்க்கத்து ஆட்கள்தான் என்று மேனேஜர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

அதைவிடச் சந்தோஷம், பெட்டியைத் தூக்க வந்தவன் நம்ம ஊர்ப் பேச்சுப் பேசியதுதான்.

“கிருஷ்ணகிரி மண்டி சாயபுதானுங்களே? நான் உத்தனப்பள்ளிங்க. எங்கப்பா உங்க மண்டிக்குத்தான் வண்டியில புளி கொண்டாருவாரு.”

அந்த முனிவேல்தான் இப்போது களியை வைத்துவிட்டு நிற்கிறான்!

பக்கத்து மேசையில் தேயிலைத் தோட்டத்துத் துரையும் துரைசானியும் முழுக் கோழியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். துரைசானி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவர் தட்டை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“சுதந்திரம் வந்து ஏழு வருஷமாச்சு. இன்னும் துரைக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?” பல்லைக் கடித்தார் ஜமீர்.

“விடுங்க. நல்லாத்தான் இருக்குது. நம்ம வீட்டு ருசி” என்றாள் அதியா.

“நம்ம வீட்டு ருசிக்கு நம்ம வீட்டுலயே இருந்திருக்கலாமே!”

மறுநாள் காலையில் ரொட்டியும் கேக்கும் வந்தன. வந்த வழியே திரும்பிப் போயின. பதிலுக்கு வந்தது அவித்த முட்டை, வாழைப்பழம், கேழ்வரகுக் கஞ்சி.

மத்தியானம் மறுபடியும் களி.

ஜமீருக்குப் பொறுக்கவில்லை. “டேய், நெஜத்தைச் சொல்லு. துலுக்கனுக்கு இது போதும்னு நெனச்சிட்டியா?”

முனிவேலின் முகம் சுண்டிப்போயிற்று. “ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க.”

“பின்னே எப்படி?”

அவன் வாயைத் திறந்தான். கதவோரம் நின்ற மேனேஜரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

“ஒண்ணும் கேக்காதீங்க சாயபு. பேசாம தின்னுட்டுப் போங்க.”

“தின்னுட்டுப் போறதா? நான் என்ன உன் வீட்டு வாசல்ல பிச்சைக்கு வந்து நிக்கறேனா?”

தட்டைத் தள்ளினார். களி உருண்டை தரையில் விழுந்து நசுங்கியது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் ஓடிவந்தார்.

“நானும் துட்டு குடுத்துத்தான் தங்கறேன்! எல்லார் மேசைக்கும் வர்றது என் மேசைக்கு வரமாட்டேங்குது. இன்னொரு வாட்டி இவன் மூஞ்சியை இங்கே பார்த்தேன், ஊர் ஊரா உங்க ஓட்டல் பேரை நாறடிச்சிடுவேன்!”

மேனேஜர் கைகூப்பினார். அடுத்த நொடி முனிவேல் பக்கம் திரும்பினார். “தலைப்பாகையைக் கழற்று. இன்றைக்குக் கப்பலிலேயே ஊர் போய்ச் சேர்.”

முனிவேல் கழற்றி வைத்தான். ஜமீரை ஒருதரம் பார்த்தான். போய்விட்டான்.

“என்னங்க இது, வேலையை விட்டா தூக்கறது? பாவம், தம்பிங்களைப் படிக்க வைக்கிறேன்னு சொன்னானே” என்றாள் அதியா.

“தூக்கட்டும். ஊர்க்காரனா இருந்துக்கிட்டு இத்தனை பேர் நடுவுல என் மானத்தை வாங்கினான் இல்லே?”

அதற்கப்புறம் மேனேஜரே பக்கத்தில் நின்று பரிமாற வைத்தார். ஆவி பறக்கும் சூப், பொன்னிறத்தில் வறுத்த கோழி, மெத்தென்ற ரொட்டி. ஜமீர் துரைசானியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

“சாயபு! வாயில வெக்காதீங்க!”

முனிவேல்தான். வேட்டியும் சட்டையுமாக, கையில் தகரப் பெட்டியோடு, விருந்தாளிகள் வரும் வாசல் வழியாகவே ஓடிவந்தான். மேனேஜர் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

“இங்கே எல்லாமே பன்னிக் கொழுப்புலதாங்க ஆவுது. சூப்பு, கோழி, அந்த ரொட்டிகூட. சமைக்கிறவன் உங்க ஆளே இல்லை. உங்களுக்குக் கொண்டாந்ததெல்லாம் என் ரூம்ல, என் சட்டியில நானே கிண்டினதுங்க.”

கரண்டி தட்டில் விழுந்து தெறித்தது. அதியா வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டையைப் பிடித்திருந்த மேனேஜரின் கை தானாகத் தளர்ந்தது.

ஜமீர் எழுந்தார். யார் மேல் கோபம் வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

“அடப்பாவி, இதை அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“வெளியே சொன்னா வேலை போயிரும்னு மெரட்டி வெச்சிருந்தாங்க” என்றான் முனிவேல், பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டே. “இப்பத்தான் போயிருச்சே சாயபு. இனிமே சொல்லலாம்.”