சாப்பாட்டு அறையில் அரை மணி நேரம்

கேப்டன் மட்டும் கண்களை மூடவில்லை.

மற்ற ஆறு பேரும் மூடியிருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணி. கப்பலின் சாப்பாட்டு அறை. தினமும் சாப்பிட உட்காரும் இடத்திலேயே, கைகளை மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரே நின்று தியானம் நடத்தியவன் கப்பலின் எலக்ட்ரீஷியன். தியானம் சொல்லித்தருவது அவன் வேலையில்லை. தன் படபடப்புக்காக எப்போதோ ஊரில் பத்து நாள் வகுப்புக்குப் போயிருந்தான். அதை யாரிடமோ சொல்லிவைத்தது வினையாகிவிட்டது. கப்பலில் ஒருவரும் தூங்குவதில்லை என்று தெரிந்ததும் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. தினமும் அரை மணி நேரம்.

ஒன்பது நாளைக்கு முன் ஓர் அலை மேல்தளத்தில் ஏறி அமலதாஸை இழுத்துக்கொண்டு போனது. இருபத்து நான்கு வயது. அவிழ்ந்த கயிற்றைக் கட்டிவரச் சொல்லி அனுப்பியவர் கேப்டன் மிராண்டா.

இரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றிச்சுற்றி வந்தார்கள்.

தலைக்கவசம் கிடைத்தது.

போதும், பயணத்தைத் தொடரலாம் என்று கரையிலிருந்து சொன்னார்கள். கேப்டன் தொடர்ந்தார். ஆனால் படுக்கைக்குப் போகவில்லை. மேலே, கப்பலை ஓட்டும் அறையில், நாற்காலியிலேயே இருந்தார்.

முதல் நாள் தியானத்துக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு வேல கெடக்குலே" என்றார்.

ஐந்தாம் நாளான இன்று அவராகவே வந்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"மூச்சு உள்ள வருது. வெளிய போகுது. அத மட்டும் கவனிங்க."

அவன் குரல் அவனுக்கே யாருடையதோபோலக் கேட்டது.

கேப்டனின் தலை சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடி சரிந்தது.

பிறகு நிமிரவில்லை.

சமையல்காரர் பிச்சையா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஓசைப்படாமல் எழுந்துபோய், விசில் வரவிருந்த குக்கரை இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். கேப்டனின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

"இடப்பக்கம்... முழுசாத் திருப்பும்வே."

தூக்கத்தில்தான் சொன்னார். ஆனால் ஆணையிடும் அதே குரல்.

எல்லோருடைய கண்களும் திறந்துகொண்டன. அடுத்துச் சொல்ல வேண்டிய வரி அவனுக்கு மறந்துபோனது.

அமலதாஸ் போன அன்றைக்குச் சுக்கான் பிடித்திருந்தவர் சேசையா. கேப்டனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இடப்பக்கம் முழுசாத் திருப்பியாச்சு, கேப்டன்."

"ஆளு தெரியுதானா?"



சேசையா அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியுதான், கேப்டன். கிட்டப் போயிட்டோம்."

மேசை விளிம்பிலிருந்த கை தளர்ந்தது. மூச்சு உள்ளே போயிற்று. வெகு நேரம் கழித்து வெளியே வந்தது.

அவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள்.

அன்றைய இரவுச் சாப்பாட்டை எல்லோரும் மாடிப்படிகளில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

சேசையா மட்டும் கேப்டனின் எதிரிலிருந்து எழுந்து வரவில்லை. கூப்பிடப் போன அவனிடம் தலையசைத்து மறுத்துவிட்டார்.

கேப்டன் மறுபடி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.